கணக்கு வராது!

“கணக்கு வராது!”

ஊரெங்கும் ஒலிக்கும் தீர்ப்பு இது. வழக்கு நடந்ததா? இல்லை. சான்று காட்டினரா? இல்லை. மறுத்துரைக்க இடமளித்தனரா? அதுவும் இல்லை. ஆயினும் தீர்ப்பு மட்டும் தவறாது வருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் கோடைத் திங்களில், பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தலைமீது ஆண்டுதோறும் வந்து இறங்குகிறது. மழை வராது என்பவன் வானத்தைப் பார்த்துச் சொல்கிறான். பேருந்து வராது என்பவன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறான். கணக்கு வராது என்பவர் எதனைப் பார்த்துச் சொல்கிறார்? பிள்ளையின் விடைத்தாளைப் பார்த்தா? பெற்றவரின் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தா?

தோழர்களே! நாம் கணித ஆசிரியர் அல்லோம். வரலாறு பயின்று இளங்கலைப் பட்டமும் பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, நாஞ்சில் நாட்டில், தாடகைமலை கண்ணுக்குத் தெரியும் சிற்றூர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறோம். வள்ளுவர் எண்ணை ஒரு கண்ணாகவும் எழுத்தை மறு கண்ணாகவும் வைத்தார்; அந்தக் கணக்கில் நாம் ஒற்றைக்கண்ணர். ஆயினும், கணித ஆசிரியர் பணியிடம் எட்டுத் திங்கள் காலியாகக் கிடந்தபோது, “பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்” என்று அந்த வகுப்புக்கு நம்மை அனுப்பினர். காவலுக்குப் போனோம். காவலனும் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாதல்லவா? கண்டதையும், கண்டபின் கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சோதிடர். தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் தாய் ஒருவர், மகளின் சாதகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டணம் செலுத்திக் கேட்டு வந்தார். “பிள்ளைக்குப் புதன் நல்லா இல்லியாம் சாரே, கணக்கு ஏறாதாம். வேற குரூப்பில சேத்து விடச் சொன்னாரு” என்றார் நம்மிடம். எத்தனை எடைப் பூவுக்கு எத்தனை முழம் விழும், எத்தனை முழத்துக்கு எவ்வளவு கூலி வரும் என்று தாள் இன்றி, எழுதுகோல் இன்றி நொடியில் சொல்லும் தாய் அவர். அவர் வயிற்றில் பிறந்த பெண்ணுக்குக் கணக்கு ஏறாதாம்! ஏன்? புதன் தடுக்கிறதாம்! சூரியனை 88 நாளில் ஒருமுறை சுற்றி வரும் கல்லுருண்டை அது. 2011-ல் மெசஞ்சர் என்னும் விண்கலம் அதனை வலம்வரத் தொடங்கி, நான்காண்டுகள் படமெடுத்து, 2015-ல் அதன் மீதே மோதி ஓய்ந்தது. பள்ளங்களைப் படம் பிடித்தது. மேடுகளைப் படம் பிடித்தது. தோவாளைப் பெண்ணின் மதிப்பெண் பட்டியல் மட்டும் அங்கே எங்கும் தென்படவில்லை! அந்தக் கலம் புதனைச் சென்றடைய வழி வகுத்ததே இயற்கணிதமும் வடிவியலுந்தான் என்பதைச் சோதிடர்க்கு யார் எடுத்துரைப்பது?

சோதிடரையேனும் சிரித்து ஒதுக்கலாம். சட்டை மடிப்புக் கலையாது, கையில் சேர்க்கைப் படிவத்தோடு உலவும் சோதிடர்களை என்ன செய்வது? நாம் படித்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பத்தாம் வகுப்பில் நம் கணக்கு மதிப்பெண் 78. மேல்நிலை முதல் ஆண்டில், கணிதம் உள்ள முதல் பிரிவைக் கேட்டோம். “கொத்தனார் மகனா? கலைப்பிரிவு போதும். முதல் பிரிவெல்லாம் டியூசன் வைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தனர். 64 பெற்ற ஒருவன் முதல் பிரிவில் சேர்ந்தான். அவன் தந்தை அந்த அறைக்குள் நாற்காலியில் அமர்ந்திருந்தார். நம் தந்தை வாயிற்படிக்கு வெளியே நின்றிருந்தார். இரு மதிப்பெண்களுக்கும் வேறுபாடு 14. நாற்காலிக்கும் வாயிற்படிக்கும் இருந்த வேறுபாட்டை எந்த அலகால் அளப்பது? வரலாற்றை நாம் விரும்பியே கற்றோம், இன்றும் விரும்பியே கற்பிக்கிறோம், அது வேறு. விருப்பத்தைக் கேட்டுவிட்டு நம்மை அங்கே அனுப்பவில்லை என்பதே வழக்கு.

எனவே, அந்த எட்டுத் திங்களும் பகலில் காவலும் இரவில் படிப்புமாகக் கழிந்தன. பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து எடுத்தோம். உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல் என வரிசையாகச் சென்றோம். தனியே, ஆசிரியரின்றி, இருபது வயதைக் கடந்து படிக்கும்போது ஒன்று புலப்பட்டது. பள்ளியில் நாம் கற்கும் ஏனைய பாடங்களில் ஆசிரியரின் சொல்லை நம்பியே ஆகவேண்டும். அசோகர் கலிங்கத்துக்குப் படையெடுத்தார் என்று நாம் சொன்னால் பிள்ளை நம்புகிறது. கல்வெட்டைச் சென்று பார்த்தா நம்புகிறது? வடிவியலில் மட்டுமே, “ஏன்?” என்று பிள்ளை கேட்டால் ஆசிரியர் அங்கேயே, கரும்பலகையிலேயே, தம் சொல்லை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர். அவர் வயது செல்லாது, பட்டம் செல்லாது, குலம் செல்லாது. வடிவியலைக் கற்க எளிய வழி உண்டா என்று எகிப்து மன்னன் தாலமி கேட்டதாகவும், அரசர்க்கென்று தனிப்பாதை இல்லை என்று யூக்ளிட் மறுத்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. கதைதான், ஆயினும் எத்துணை சுவையான கதை! மணிமுடிக்கு மறுக்கப்பட்ட சலுகை, ஓலைக்குடிசைக்கு மறுக்கப்படாத உரிமை—இரண்டும் ஒரே விடையில் அடங்கிவிட்டன.

நம் தந்தையார் நாற்பதாண்டாகக் கொத்தனார். கடைக்கால் தோண்டுமுன் மனையின் மூலையில் முளை அடிப்பார். இரு பக்கமும் நூல் கட்டுவார். ஒரு நூலில் மூன்றடி, மறு நூலில் நான்கடி அளந்து குறியிட்டு, குறிக்குக் குறி குறுக்கே நாடாவை வைப்பார். ஐந்தடி வந்தால் மூலை சரி. வராவிடில் நூலை நகர்த்துவார். பெரிய மனையாயின் ஆறு, எட்டு, பத்து. எத்தனை வீடுகள், எத்தனை கடைகள், எத்தனை பள்ளிக்கூடங்கள் இந்த மூன்று எண்களின்மேல் நிற்கின்றன! சிறுவயதில் ஒருமுறை, “ஏம்ப்பா அஞ்சு வரணும்?” என்று கேட்டோம். “அப்பிடித்தாம்லே மக்களே. எங்க ஆசான் காட்டித் தந்தாரு” என்றார். ஆசானுக்கு யார் காட்டினர்? அவருடைய ஆசான். இவ்வாறே ஏறிக்கொண்டு போனால் எங்கோ ஓரிடத்தில் விடை இருந்திருக்க வேண்டும். அது எந்தப் படியில் நழுவிற்று, யார் கையில் நின்றுவிட்டது?

பிதாகரஸ் தேற்றத்தைப் படித்து முடித்த வாரம், ஞாயிறன்று, அவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்குச் சென்றோம். தரையில் பதிக்க ஓரடிச் சதுர டைல்ஸ் அடுக்கி வைத்திருந்தது. பக்கத்துக்கு ஏழாக 49 டைல்ஸை நெருக்கிப் பரப்பினோம். பெரிய சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே சுற்றுப்போக்கில் மூன்றடி தள்ளிக் குறியிட்டு, நான்கு குறிகளையும் சுண்ணக்கட்டியால் இணைத்தோம். மூலைக்கு ஒன்றாக நான்கு முக்கோணங்கள் விழுந்தன. நடுவே சாய்ந்த சதுரம் ஒன்று நின்றது. “ஒரு மூலையில எத்தனை டைல்ஸ்?” என்று கேட்டோம். மூன்றும் நான்கும் பெருக்கினால் பன்னிரண்டு, அதில் பாதி ஆறு என்று உடனே சொன்னார். தரையளந்து கூலி பேசுகிறவருக்கு இது பெரிதா? நான்கு மூலைக்கு 24. நாற்பத்தொன்பதில் 24 போனால்? “இருபத்தஞ்சு.” அந்த இருபத்தைந்தும் நடுச் சதுரத்துக்குள் இருக்கிறது. அப்படியானால் அதன் பக்கம்? தந்தையார் நாடாவை எடுக்கவில்லை. சுண்ணக் கோட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அஞ்சு” என்றார். பிறகு, “அப்பம், ஆசான் சொன்னதுனால அது சரியில்ல, சரியா இருக்கதுனாலதான் ஆசான் சொல்லியிருக்காரு. இல்லியாலே?” என்றார்.

பகுத்தறிவுக் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்து கேட்டிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

அதோடு அவர் விடவில்லை. “அஞ்சும் பன்னெண்டும் போட்டா?” என்றார். பக்கம் பதினேழு, மொத்தம் 289, ஒரு மூலைக்கு முப்பது, நான்கு மூலைக்கு 120, மிச்சம் 169, அதன் பக்கம் 13. மறுநாள் வேலைக்களத்தில் நூல் கட்டி அளந்தும் பார்த்திருக்கிறார். பதின்மூன்று வந்ததாம். மாலை வீடு திரும்பி, கை கால் கழுவிக்கொண்டே, “பின்னே இத எங்களுக்கு ஏம்லே ஒருத்தரும் சொல்லித் தரல்ல?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை பாடநூலில் இல்லை. அது நம் பாடமாகிய வரலாற்றில் இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே அவ்விடையைச் செப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றனர். முஞ்சிறைப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் கோயில் எடுத்து, அதனோடு ‘சாலை’ என்னும் கல்விக்கூடமும் நிறுவினான். 95 சட்டர்களுக்கு இடம். அவ்விடங்களை மூன்று வேதக் கிளையினர்க்குப் பங்கிட்டு வைத்தான். அச்செயல் நடந்த நாளைச் செப்பேடு எவ்வாறு குறிக்கிறது தெரியுமா? கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணி, 14,49,087-ஆம் நாள் என்கிறது! பதினான்கரை இலட்சம் நாட்களை எண்ணிக் கணக்கு வைக்கத் தெரிந்த நாடு. அந்தக் கணக்கைக் கற்போர் வரிசையில், சாலைக்கு நெல் அளந்தவனின் மகனுக்கு ஓர் இடம் வைக்கத் தெரியாத நாடு! கணக்கு அவனுக்கு வரவில்லையா, அவனிடம் வர விடவில்லையா?

பழங்கதை என்று தள்ளிவிடுவோர் உண்டு. 1953 பழங்கதையா? பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்று சென்னை மாநிலத்தில் இராசாசி கொண்டுவந்த திட்டம், ‘குலக்கல்வி’ என்ற பெயரோடு எதிர்ப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு 1954-ல் வீழ்ந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது. ஆதலால் அத்திட்டம் நம் ஊரைத் தொடவில்லை என்று மகிழலாம். ஆனால் திட்டமில்லாமலே, ஆணை இல்லாமலே, “கொத்தனார் மகனா?” என்ற ஒரே கேள்வியில் அது நடந்துவிடுகிறதே!

எஸ்.எஸ்.எல்.சி. நாளில் உயர்நிலைப் பள்ளிக் கணக்குக்கே இரு வாயில்கள் இருந்தன. பொதுக் கணக்கு ஒன்று. ‘காம்போசிட்’ என வழங்கிய கணக்கு மற்றொன்று. இயற்கணிதமும் வடிவகணிதமும் விரிவாகக் கற்று, கல்லூரியின் புகுமுக வகுப்பில் கணிதம் எடுக்க எண்ணுவோர்க்கு இரண்டாம் வாயில். எந்த வாயிலில் நுழைவது என்று முடிவு செய்யும் வயதில், அம்முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளுள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? 1978-ல் புகுமுக வகுப்பு போய் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கே வந்து சேர்ந்தது. 2010-ல் தொடங்கி, 2011-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நிலைபெற்ற சமச்சீர்க் கல்வி, மெட்ரிகுலேஷன் பிள்ளைக்கு ஒரு கணக்கு நூல், ஊராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு வேறொன்று என்ற பிரிவினையை ஒழித்தது. 2021 முதல், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. இவை யாவும் போராடிப் பெற்றவை, சிறியன அல்ல. ஆனால் பொறியியல் தரவரிசை 200-க்குக் கணக்கிடப்படுகிறது; அதில் 100 கணிதத்துக்கு, 50 இயற்பியலுக்கு, 50 வேதியியலுக்கு. கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு அந்த 7.5 விழுக்காட்டால் என்ன பயன்? கோட்டைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அகழிப் பாலத்தை எடுத்துவிட்டால், உள்ளே போவது எப்படி?

பாலம் எடுபடும் இடத்தைக் காவற்காரராக நின்று கண்ணால் கண்டோம். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளுக்கு 100 மதிப்பெண். 35 பெற்றால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இறுதியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். பதினான்கும் பதினாறும் முப்பது. இரண்டு மதிப்பெண் வினா மூன்றைச் சேர்த்தால் 36. முடிந்தது கணக்கு! மெல்லக் கற்போர்க்கு என்று ஒரு கையேடு. அதில் இந்த 36 மட்டுமே. வட்டத்துக்குத் தொடுகோடு வரையப் பிள்ளைக்குத் தெரிகிறது. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்தாக ஏன் நிற்கிறது என்று தெரியாது. தேல்ஸ் தேற்றத்தைச் செய்யுள் போல் ஒப்பிக்கிறது. முக்கோணத்துக்கு ஏ, பி, சி என்ற பெயரை மாற்றி பி, கியூ, ஆர் என்று எழுதிவிட்டால் திகைத்து நின்றுவிடுகிறது. “இந்த எழுத்து வந்தா விட்டிரணுமா சார்?” என்று மெய்யாகவே நம்மைக் கேட்டான் ஒருவன்.

கையேடு எழுதியவர்மீது நமக்குச் சினமில்லை. அது இல்லையேல் சான்றிதழே இன்றித் தெருவில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களின் கையிலிருந்து அதனைப் பறிக்கச் சொல்லவில்லை. ஐம்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர், அவரும் பாதி ஆண்டு இல்லை, மேலிருந்து தேர்ச்சி விழுக்காடு கேட்டு ஓயாத தொலைபேசி! அவர் என்செய்வார்? கேள்வி ஒன்றுதான். செப்டம்பரிலேயே ‘மெல்லக் கற்போர்’ வரிசையில் உட்கார வைக்கப்படும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? செங்கற் சூளை, பூக்கட்டு, அண்டிக் கம்பெனி, கொத்து வேலை—வரிசையைப் பார்த்தாலே தொழிற்பட்டியல் படிக்கலாம். சாலையில் 95 பேருக்கு இடம் வைத்தவன் பட்டியலைச் செப்பேட்டில் வெட்டினான். நாம் அதனை இருக்கை வரிசையில் எழுதுகிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இதே இயற்கணிதத்துக்கு ஒருகாலத்தில் ‘பீஜகணிதம்’ என்றும், வடிவியலுக்கு ‘க்ஷேத்திரகணிதம்’ என்றும் பெயர். பெயரைக் கேட்டவுடனே பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டும் என்று திட்டமிட்டு வைத்தது போன்ற பெயர்கள்! கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கித் தந்த அறிஞர்கள்—1930-களில் அப்பணிக்குத் தலைமை ஏற்றோருள் ஒருவரான விபுலானந்தர் உட்பட—நமக்குச் செய்த உதவி, கோயிற்கதவைத் திறந்ததற்கு ஒப்பானது. சமன்பாடு, மாறி, செங்கோணம், தொடுகோடு: சொல்லே பொருளைச் சொல்கிறது. ‘தொடுகோடு’ என்றவுடன், “தொட்டுக்கிட்டுப் போகும், உள்ளே போகாது” என்று விளக்கினாள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி. இலக்கணம் அவ்வளவுதானே!

இனி, நம் நாகர்கோவில் அறிந்திருக்க வேண்டிய ஒருவரைச் சொல்கிறோம். எஸ்.எஸ். பிள்ளை, முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ல் செங்கோட்டை அருகே வல்லத்தில் பிறந்தார். பிறந்து ஓராண்டில் தாய் மறைந்தார். பள்ளியில் படிக்கும்போதே தந்தையும் மறைந்தார். “போதும் படிப்பு” என்று ஊர் தீர்ப்பெழுத வேண்டிய இடம் அது. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் ஒருவர், இப்பிள்ளைக்குக் கணக்கு வரும் என்று கண்டு, பொருளுதவி செய்து படிப்பைக் காத்தார். (பெயரைக் கண்டு புருவம் உயர்த்தும் தோழர்க்கு: நாம் எதிர்ப்பது பூட்டை, பூட்டைத் திறந்தவர் எவராயினும் அவரை வணங்குவோம்.) நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட், திருவனந்தபுரத்தில் பி.ஏ., சென்னையில் ஆராய்ச்சி, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. உலகம் அவரை நினைப்பது ‘வாரிங் சிக்கல்’ என்னும் பழம்புதிரில் அவர் கண்ட விடைகளுக்காக.

அப்புதிரை நம் பத்தாம் வகுப்பில் எழுதிப் போட்டோம். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்று 1770-ல் லக்ராஞ்சி நிறுவினார். வர்க்கத்துக்குப் பதில் ஆறாம் அடுக்கு என்றால் எத்தனை வேண்டும்? 703 என்ற எண்ணைக் கொடுத்தோம். ஒன்றின் ஆறாம் அடுக்கு 1. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. மூன்றினது 729, அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே கையில் இருப்பவை 64-உம் ஒன்றுமே. பிள்ளைகள் போட்டுப் பார்த்தனர். பத்து அறுபத்துநான்கு 640, மிச்சம் 63 ஒன்றுகள், ஆக 73. அதற்குக் குறைவாக முடியவே முடியாது. “இதவிடக் கூடுதலாக் கேக்கிற நம்பர் உண்டா சார்?” என்று கேட்டாள் பூக்கட்டுபவரின் மகள்—புதன் தடுத்த அதே பெண்! இல்லை, எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவையில்லை என்று 1940-ல் நிறுவியவர், நம் நாகர்கோவிலில் படித்த அந்தப் பிள்ளைதான் என்றோம். வகுப்பு அன்று சத்தம் போட்டது. காவல் வேலையில் நாம் தோற்ற நாள் அது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

1950-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை, ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே வானூர்தி வீழ்ந்து மாண்டார். அவர் சென்றடையாத அதே கேம்பிரிட்ஜில், 1982-ல், பாப் மோசஸ் என்ற கறுப்பினத் தோழர் ஒரு வேலையைத் தொடங்கினார். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தர அடியும் சிறையும் கண்டவர் அவர். தம் மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கற்பிக்கவில்லை என்று கண்டு, தாமே வகுப்பறைக்குள் நுழைந்தார். அன்று வாக்குச்சீட்டு எதுவோ, இன்று இயற்கணிதம் அது என்பது அவர் கொள்கை. அது இல்லாதவன் புதிய உலகின் வேலைக்கும் வெளியே, குடியுரிமைக்கும் வெளியே நிற்பான் என்றார். குறையெண்களை அவர் கற்பித்த விதம் அழகு. பிள்ளைகளைச் சுரங்க இரயிலில் ஏற்றி, ஒரு நிலையத்தைச் சுழியாக வைத்து, முன்னும் பின்னும் எண்ணச் செய்தார். 2021-ல் அவர் மறைந்தபோது நம் ஏடுகள் எத்தனை வரி எழுதின?

நமக்குச் சுரங்க இரயில் இல்லை; நாகர்கோவில்–கன்னியாகுமரிப் பேருந்து இருக்கிறது. சுசீந்திரம் சுழி. பொற்றையடி கூட்டல் ஒன்று, கொட்டாரம் கூட்டல் இரண்டு, கன்னியாகுமரி மூன்று. மறுபக்கம் இடலாக்குடி கழித்தல் ஒன்று, கோட்டாறு இரண்டு, வடசேரி மூன்று. நாம் வைத்துக்கொண்ட நிறுத்தங்கள் இவை. கோட்டாற்றில் ஏறியவர் பொற்றையடியில் இறங்கினால் எத்தனை நிறுத்தம் சென்றார்? கழித்தலைக் கழித்தால் கூட்டலாவது ஏன் என்று ஓராண்டாக விளங்காதிருந்த பிள்ளைகள், பயணச்சீட்டுக் காசை எண்ணிக்கொண்டே விளங்கிக்கொண்டனர்.

புதிய கணித ஆசிரியர் வந்துவிட்டார், நல்லவர். பகல் வகுப்பு அவர் கையில். மாலையில் நம் ஊர்ப் படிப்பகத்தில், திங்களும் வியாழனும், நாமும் அவரும் சேர்ந்து வகுப்பெடுக்கிறோம். பதினொரு பிள்ளைகள் வருகின்றனர். கூடவே, மாலை வேலை முடிந்து நம் தந்தையாரும் வந்து பின்னால் அமர்கிறார். பூக்கட்டுபவரின் மகள் இவ்வாண்டு முதல் பிரிவில் சேர்ந்தாள். சேர்க்கை நாளன்று அவள் தாயோடு நாமும் சென்றோம். அறைக்குள் நாற்காலி இருந்தது. அவரை அமரச் சொன்னோம், அமர்ந்தார். புதனுக்குச் செய்ய வேண்டிய பரிகாரம் இன்னும் பாக்கி இருக்கிறதாம். அந்தச் செலவில் கணிதக் கருவிப் பெட்டி ஒன்று வாங்கித் தருமாறு கேட்டிருக்கிறோம். இன்னும் விடை வரவில்லை.

தோழர்களே! தமிழகமெங்கும் படிப்பகங்கள் வைத்திருக்கிறோம். தலைவர் படம் உண்டு, நாளேடு உண்டு, சில இடங்களில் கேரம் பலகையும் உண்டு. கரும்பலகை எத்தனை இடத்தில் உண்டு? கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தோழர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். நம்மைப் போன்ற கலைப்பிரிவுக்காரரும் வரலாம். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு போனால் போதும். வரைபடத்தாளும் சுண்ணக்கட்டியும் பெருஞ்செலவல்ல. கையேட்டின் 36 மதிப்பெண்ணை முதலில் முடித்துவிடுங்கள். பிள்ளைக்கு அச்சம் போகட்டும். அதன்பின் முப்பத்தேழாவது மதிப்பெண்ணிலிருந்து தொடங்குங்கள்.

நம் படிப்பகத்தில் வரும் வியாழன் மாலை ஆறரை மணிக்கு, தொடுகோடு ஆரத்துக்கு ஏன் செங்குத்து என்பதை நிறுவப் போகிறோம். அக்கம்பக்கத்து ஊர்த் தோழர்கள் வரலாம். கவராயம் இருந்தால் கொண்டுவாருங்கள். நம்மிடம் மூன்றுதான் இருக்கின்றன.